எல்லாருக்கும் மெசேஜ் போட்டாச்சு

எங்களைப் பெற்று, வளர்த்து, ஆளாக்கிய அம்மா எங்களை விட்டுப் பிரிந்து இந்த ஆவணியோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், மகளாகிய நீதான் எழுத வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். அம்மாவின் குணநலன்களை நாலு பக்கத்துக்கு எழுதி, துக்கத்தில் பங்கெடுத்தவர்களுக்கு நன்றி சொல்லி முடித்துவிடு என்றார். குணநலன்களை எழுதுகிறேன், நன்றியும் சொல்கிறேன். ஆனால் ஒரு வருடமாக நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருப்பதையும் சேர்த்துத்தான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் முதல் பக்கத்துப் படத்தைக் கும்பிட்டுவிட்டு மலரை மூடி வைத்துவிடலாம்.

அம்மா பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம், மழையை நம்பிப் பருத்தி போடுகிற ஒரு சின்ன ஊர். வீட்டில் இரண்டே பிள்ளைகள், அம்மாவும் அவருக்கு இளையவரான எங்கள் மாமாவும். அம்மாவைப் பெற்றவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், தம்பியை இடுப்பில் தூக்கிச் சோறூட்டி வளர்த்தவர் அம்மாதான். கல்யாணமாகி மதுரை ஆனையூருக்கு அம்மா புறப்பட்ட அன்று மாமா பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடி வந்தாராம். அதைச் சொல்லும்போது அம்மா சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார், பாதியில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அப்பாவுக்கு மில்லில் வேலை. தொலைபேசிக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் இணைப்புக் கிடைத்தது. எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் போன். அன்றோடு அந்த நம்பர் எங்களுடையதாக இல்லாமல் போயிற்று. தெருவில் யார் வேலைக்கு மனுப் போட்டாலும், யார் வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏறினாலும் எங்கள் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுவிடுவார்கள். அடுத்தவர் வீட்டுப் போன், கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அதற்குப் பொருள். கூப்பிட்டுக் கொடுக்கிற ஆள் எங்கள் அம்மா.

மணி அடித்தால் அடுப்பைத் தணித்துவிட்டு எடுப்பார். "பத்து நிமிசம் கழிச்சுப் பேசுங்கய்யா, கூட்டியாரேன்" என்பார். வெயிலோ மழையோ, அந்த வீட்டுக்கு நடந்து போவார். எங்கள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "அது அவுக வீட்டுச் சேதி. அதை எதுக்கு ஊருக்கே ஒலிபரப்பணும்?" என்பார்.

எதிர்வீட்டு ராணி அக்காவின் தம்பி திருப்பூரில் விபத்தில் இறந்த செய்தியும் எங்கள் போனுக்குத்தான் வந்தது. அம்மா ரிசீவரை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தார். பிறகு எதிர்வீட்டுக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். ராணி அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சாப்பிட்டுக் கைகழுவும் வரைக்கும் அம்மா வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம்தான், "ராணி, தம்பிக்கு மேலுக்குச் சொகமில்லையாம். கெளம்பு, நானும் கூட வாரேன்" என்றார். திருப்பூர் வரைக்கும் பஸ்ஸில் அவர் கையை விடவே இல்லையாம். வீட்டுக்குப் பக்கத்தில் போன பிறகுதான் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்தபோது, "ஏம்மா பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போன?" என்று கேட்டேன். "சேதியச் சொல்றது ஒண்ணும் பெருசில்லடி. கேட்டுட்டு அவ விழுந்தா பிடிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும்ல?" என்றார்.

அப்பா திடீரென்று காலமானபோது அண்ணன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார், நான் பள்ளிக்கூடத்தில். அம்மா இட்லி மாவு அரைத்து விற்று எங்களைக் கரையேற்றினார். போனை எடுத்துவிடலாம், வீண்செலவு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "நாலு வீட்டுக்கு இதுல தானே சேதி வருது, எப்படி எடுக்கிறது?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தார். அந்த நாலு வீடுகளும் இந்த மலரை வாங்கப்போகின்றன. இதைப் படிக்கும்போது உறைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏனென்றால் அப்புறம் செல்போன் வந்தது. ஒவ்வொரு வீடாக வந்து, ஆளுக்கொன்றாக வந்தது. எங்கள் வீட்டுப் படியேறுவதற்கு யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. நான் செல்போனைத் திட்டவில்லை. என்னிடமும் இருக்கிறது, வெளியூரில் வேலை பார்க்கும் என் கணவரோடு அதில்தான் குடும்பம் நடத்துகிறேன். என் கோபம் அந்தக் கருவியின் மேல் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர்கள் நடந்துகொண்ட விதத்தின் மேல்தான். பல வருடம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தபடி போனுக்குக் காத்திருந்தவர்கள், இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, அம்மாவுக்குப் பின்னாளில் அண்ணன் வாங்கித் தந்த செல்லுக்கு மிஸ்டு கால் கொடுத்தார்கள். என்னவோ ஏதோ என்று பதறி, அம்மா தன் காசில் திரும்பக் கூப்பிடுவார். "சும்மாதான்கா, ரெண்டு டம்ளர் மாவு எடுத்து வையிங்க" என்று பதில் வரும்.

கல்யாணத்துக்கு அழைப்பதும் போனிலேயே ஆயிற்று. தாம்பாளமும் வெற்றிலை பாக்குமாக வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, கை எடுத்துக் கும்பிட்டு அழைப்பதெல்லாம் யாருக்கு நேரம்? ஒரு தடவை அப்படிப் போனில் அழைப்பு வந்தபோது அம்மா என்னிடம் கேட்டார், "மொய்யவும் போன்லயே எழுதிக்கிருவாகளான்னு கேட்டுச் சொல்லு." ஆனாலும் போய் வந்தார், அதுதான் அம்மா.

அண்ணன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, அம்மாவுக்கென்று அந்தச் செல்போனை வாங்கிக் கொடுத்தார். தினமும் தவறாமல் பேசினார், அதை நான் மறுக்கவில்லை. தினமும் பேசுகிறோமே என்று ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார், அதை அவரும் மறுக்க முடியாது. "பேசுறான். பேசிக்கிட்டே வேற என்னத்தையோ தட்டிக்கிட்டே இருக்கான், சத்தம் கேக்குது" என்று அம்மா ஒருமுறை என்னிடம் சொன்னார். புகாராகச் சொல்லவில்லை. மகனுக்கு எம்புட்டு வேலையோ என்ற கவலையில் சொன்னார்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் சேர்த்தோம். அண்ணனும் வந்துவிட்டார். நாலைந்து நாள் கழித்து ஒரு விடிகாலையில் அம்மாவின் உயிர் பிரிந்தது, அப்போது நான் பக்கத்தில் இருந்தேன். வெளியே வராந்தா நாற்காலியில் அண்ணன் குனிந்து உட்கார்ந்திருந்தார். அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். ஆங்கில எழுத்தில் அம்மா இறந்த செய்தியையும் உடலை எடுக்கிற நேரத்தையும் செல்போனில் தட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் மெசேஜ் போட்டாச்சு" என்றார்.

"மாமாவுக்கு ஆள் விடணும்ண்ணே."

"அவருக்கும் சேத்துத்தான் போட்டிருக்கேன். இந்தக் காலத்துல யாரு ஆள் விடுறா? அவர்கிட்டயும் செல்லு இருக்குல்ல?"

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளியூரில் இருக்கும் இளைய பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டுக்கு ஆள் நேரில் போய்ச் சாவுச் செய்தி சொல்ல வேண்டும், அதைத்தான் கேதம் சொல்வது என்பார்கள். அவர்கள் கோடி என்று ஒரு புதுச்சேலை எடுத்து வந்து உடல்மேல் போர்த்த வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி விழாமல் உடலை எடுப்பதில்லை. அம்மாவுக்குப் பிறந்த வீடு என்றால் மாமா ஒருவர்தான்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். அண்ணனின் செல்போன் விடாமல் சிணுங்கிக்கொண்டே இருந்தது, அத்தனையும் ஆழ்ந்த அனுதாபங்கள். "பாரு, எம்புட்டுப் பேரு பதில் போட்டிருக்காங்க!" என்று என்னிடம் காட்டினார். பதில் போட்டவர்களில் பாதிப்பேர் மதுரைக்குள்ளேயே இருப்பவர்கள். ஒருவர் அடுத்த தெரு. அவருடைய மனைவிக்குப் பிரசவ வலி கண்டபோது எங்கள் போனில் பேசிக் கார் வரவழைத்து, கூடவே ஏறிப் போனவர் எங்கள் அம்மா. அவர் விரலால் நாலு எழுத்துத் தட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டார். துக்கம் கேட்டாயிற்றாம்.

மத்தியானம் தாண்டியும் மாமா வரவில்லை. அண்ணன் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த எனக்கே மாமாவின் குரல் கேட்டது.

"டீக்கடையில எவனோ ஒருத்தன் சொல்லித்தான் மாப்ள, எங்கக்கா செத்தது எனக்குத் தெரியுது. உங்க அக்கா செத்துருச்சாமே, நீ இங்கன நின்னு டீ குடிக்கிறேங்கிறான்."

"மாமா, காலையிலயே மெசேஜ் போட்டேனே!"

"எனக்கா போட்ட? என் செல்லுக்குப் போட்ட. அதுல தெனம் பத்துச் சத்தம் வருது, அம்புட்டும் இங்கிலீசு. ஆள் வரட்டும் மாப்ள. ஆள் வந்து சொன்னா நான் வாரேன்."

வீட்டில் இருந்த ஆண்கள், சாயங்காலத்துக்குள் சமாதானம் ஆகிவிடுவார், இன்னொரு தடவை போன் போட்டுப் பேசலாம் என்றார்கள். நான் எழுந்தேன். பெண்கள் கேதம் சொல்லப் போவதில்லை, அதுவும் பெற்ற மகள் தாயின் தலைமாட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எல்லாம் எனக்கும் தெரியும். பெரியப்பாதான், "போயிட்டு வா தாயி. நீயும் உன் மாமனும் வராம எடுக்க மாட்டோம்" என்றார். அந்த வார்த்தையை நம்பி வாடகைக் காரில் ஏறினேன்.

மாமா வீட்டு முற்றத்தில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். நடுவில் மாமா உட்கார்ந்திருந்தார். மடியில் ஜவுளிக்கடைப் பை இருந்தது. செய்தி காதில் விழுந்ததுமே போய்க் கோடி எடுத்து வைத்துவிட்டு, சொல்ல ஒரு ஆள் வருவதற்காகக் காத்திருக்கிறார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, அம்மா நம்மள விட்டுட்டுப் போயிருச்சு மாமா."

அவருக்குத் தெரியாத செய்தியா? ஊருக்கே தெரியும். ஆனால் நான் வாயால் சொன்ன பிறகுதான் அவர் அழுதார். என் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் கேள்விப்பட்டவர் போலக் கதறினார். காலையிலிருந்து அழ முடியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

உடனே புறப்பட்டோம். ஆனையூரில் எங்கள் தெருவுக்குள் கார் திரும்பியபோது வாசலில் கூட்டம் இல்லை. படியிலிருந்து தண்ணீர் ஓடி வந்து சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். உள்ளே அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. ராணி அக்கா ஓடி வந்து என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். மயானத்தில் குறித்த நேரம் தவறினால் மறுநாள்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் என்னைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், லைன் கிடைக்கவில்லை. 'எடுக்கிறோம், மாமாவை நேராக மயானத்துக்கு அழைத்து வா' என்று ஒரு மெசேஜ் போட்டிருக்கிறார். போட்ட கையோடு பெரியப்பாவிடம், "தங்கச்சிக்குச் சொல்லியாச்சு, அவங்க நேரா அங்க வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டார். அதை நம்பித்தான் பெரியப்பாவும் சரி என்றிருக்கிறார். என் செல்போன் பைக்குள் கிடந்தது. பையைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று இன்றுவரை சிலர் கேட்கிறார்கள். ஏன் பார்க்க வேண்டும்? தாயைப் பறிகொடுத்தவள் தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அந்த நேரத்தில் அவள் செல்போனை எடுத்துப் பார்ப்பாள் என்று எந்த மனிதன் எதிர்பார்ப்பான்?

மாமா அதே காரில் மயானத்துக்குப் போனார். எல்லாம் முடிந்து ஆண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்களாம். "மெசேஜ் போட்டேனே மாமா" என்று அங்கேயும் அண்ணன் சொல்லியிருக்கிறார். மாமா கோடிச் சேலையை மடிப்புக் கலையாமல் ஊருக்கே திரும்ப எடுத்துக்கொண்டு போனார். எங்கள் அம்மா பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் போனார். 

இதை எழுதி அண்ணனிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். நீக்கிவிடு என்றார். மறுநாள் அவரே வந்து, "இருக்கட்டும், அப்படியே போடு" என்றார். அதற்காக அவருக்கு என் நன்றி. மருத்துவமனையில் அம்மாவை முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்து ஊட்டிய ராணி அக்காவுக்கும், வேலையைப் போட்டுவிட்டு நேரில் வந்து நின்ற ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மெசேஜ் அனுப்பியவர்களுக்கு, அது வந்து சேர்ந்தது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மாமாவுக்கு நன்றி சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. முதலாண்டு வழிபாட்டுக்கு அழைக்க, போன மாதம் அண்ணன் யாரும் சொல்லாமலே வெற்றிலை பாக்கோடு உசிலம்பட்டிக்குப் புறப்பட்டார், நானும் கூடப் போனேன். மாமாவின் காலில் விழுந்து, "தப்புப் பண்ணிட்டேன் மாமா, மனசுல வச்சுக்காம வந்துருங்க" என்று அழுதார். மாமா அவரைத் தூக்கி நிறுத்திக் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"வாரேன் மாப்ள. நீ நேர்ல வந்து சொல்லிட்ட, நான் வராம இருப்பனா? அன்னைக்கும் நான் கோடியோட வந்தேன்ல. அதை எங்கக்காகிட்ட யாரு மாப்ள போய்ச் சொல்லுவா?"