ஊருக்குப் போயிருக்கார்

தாராவியில் எங்கள் சந்தில் ஓர் ஆள் சில நாள் கண்ணில் படவில்லை என்றால், அதற்கு ஒரே பதில்தான்: "ஊருக்குப் போயிருக்கார்." வீட்டில் சண்டை போட்டுப் பிரிந்தவனும் ஊருக்குத்தான் போயிருப்பான், போலீஸ் பிடித்துக்கொண்டு போனவனும் ஊருக்குத்தான். குடியை நிறுத்துவதற்காக நான் பம்பாயிலேயே, செம்பூரில் ஒரு மையத்தில் மாதக்கணக்கில் இருந்தபோது, என் மனைவியும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

திரும்பி வந்த அன்று, செருப்பைக் கழற்றும் முன்பே என் கையில் ஒரு பையைத் திணித்தாள். உள்ளே அல்வாப் பொட்டலங்கள். முந்தின நாள் பக்கத்திலிருக்கும் மாட்டுங்காவுக்குப் போய் வாங்கி, கடைப் பெயர் போட்ட டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெறும் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். திருநெல்வேலியிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு வர முடியுமா?

"பக்கத்து வீடுகளுக்கு நீங்களே குடுங்க. அப்பதான் நம்புவாங்க," என்றாள்.

மையத்தில் எங்களிடம் பேச வரும் அம்மா இப்படி மறைக்கக் கூடாது என்றுதான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "இது நோய். சுகர் இருக்குன்னு சொல்ற மாதிரி வாய்விட்டுச் சொல்லுங்க. ஒளிச்சு வச்சா, ஒருத்தன் ஊத்திக் கொடுக்கும்போது வேண்டாம்னு சொல்லக் காரணம் கிடைக்காது." அங்கே உட்கார்ந்து தலையாட்டுவது சுலபமாகத்தான் இருந்தது. தலையாட்டுவதில் எனக்கு எப்போதும் முதல் மார்க்.

எதிர்வீட்டு அண்ணாச்சி மளிகைக் கடைக்காரர். அன்று ஞாயிற்றுக்கிழமை; சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு இரண்டு சொந்தக்காரர்களோடு பாயில் உட்கார்ந்திருந்தார். அல்வாவை வாயில் போட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "ஊர் அல்வான்னா ஊர் அல்வாதாம்வே! பம்பாய்ல எவன் இப்படிக் கிண்டுதான்?" என்றவர், "ஊர்ல இருந்து வந்த ஆளு, உக்காரும்," என்று எனக்கும் ஒரு கிளாஸில் ஊற்றி நீட்டினார்.

வாடை மூக்கில் ஏறியதும் எச்சில் ஊறியது. வெட்கங்கெட்ட வாய். உடம்புக்கு முடியவில்லை என்றேன். "அதுக்குத்தாம்வே இந்த மருந்து," என்றார். டாக்டர் கூடாது என்றிருக்கிறார் என்றேன். "எந்த டாக்டர்? நம்மூர்லயா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தபோதே என் கை கிளாஸைப் பிடித்துவிட்டது. வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். உண்மையைச் சொன்னால் சந்து முழுக்க அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். சொல்லாவிட்டால் நான் குடிக்க வேண்டும்.

"நான் ஊருக்கே போகல அண்ணாச்சி. குடிய நிறுத்துததுக்கு செம்பூர்ல ஒரு எடத்துல கெடந்தேன்."

கிளாஸைக் கீழே வைத்த வேகத்தில் பாதி பாயில் கொட்டிவிட்டது.

அண்ணாச்சி பொட்டலத்தைப் பார்த்தார். "அப்போ இது?"

"மாட்டுங்கா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சியின் மனைவியை நாங்கள் மைனி என்று கூப்பிடுவோம். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என்னை விட்டுவிட்டு என் மனைவியைக் கேட்டார்.

"அடிப்பாவி! இவரு ஊர்ல இன்னொருத்தி கூடக் குடும்பம் நடத்துதாருன்னு ஒன் மூஞ்சிக்கு நேராவே பேசுனோமே. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லலியேட்டி நீ?"

எனக்கு அது புதுச் செய்தி. தெரியாத தெருக்களில் குடித்துவிட்டு வேட்டி நழுவ விழுந்து கிடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் நான் இப்படிக் கூசியதில்லை. அவள் என் பக்கம் திரும்பவில்லை. மூலையில் கிடந்த துணியை எடுத்து, குனிந்து பாயைத் துடைத்தாள்.

"குடிகாரன் பொண்டாட்டின்னு பேரெடுக்குததுக்கு அதுவே தேவலைன்னு இருந்துட்டேன், மைனி."