நைனா தமிழை நிறுத்திய மாதங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், நைனா என்று நாங்கள் கூப்பிட்ட எங்கள் அப்பாவின் ஆட்டோவில் ஒருமுறையாவது ஏறியிருப்பீர்கள். பேசிக்கொண்டே ஓட்டுவார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்ட காலமும் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் அவரைப் பாதிதான் எழுதியதாகும்.

நைனா ஆந்திராவில் பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் நெல் பயிரிட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். ஐந்தாவது வரை தமிழில் படித்தவரை ஆறாவதில் தெலுங்குப் பள்ளியில் சேர்த்தார்கள். புரியவில்லை என்று சொல்லவும் தெலுங்கு வேண்டியிருந்தது. கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தார். படிப்பு அத்தோடு நின்றது. திருமணத்துக்குப் பிறகு திருப்பதிக்கு வந்து ஆட்டோ ஓட்டினார்.

தம்பி முரளிக்கு மூன்று வயதானபோது அம்மாவுக்கு ஒரு மருத்துவமனை சமையற்கூடத்தில் வேலை கிடைத்தது. விடியும் முன்பே அவர் கிளம்பிவிடுவார். குளிப்பாட்டி, ஊட்டி, நர்சரிக்குக் கொண்டுபோய் விடுவதெல்லாம் நைனா. வீட்டில் ஓயாமல் பேசிய முரளி அங்கே ஊமையாக இருந்தான். ஒருநாள் டீச்சர் வாசலில் நிறுத்திச் சொன்னார்: "அண்ணா, உங்க பையன் வாயே தொறக்கறதில்ல. வீட்ல கொஞ்சம் தெலுகு பழக்கம் பண்ணுங்க. இல்லாட்டி அடுத்த வருஷம் எல்கேஜில சேத்துக்கறது கஷ்டம்."

'கொஞ்சம்' என்பது நைனாவின் காதில் விழவில்லை. அன்று மாலையே அறிவித்தார்: "இன்னைலருந்து இந்த வீட்ல தமிழ் கெடையாது. கடைசி பெஞ்சு என்னோட போவட்டும்."

"உங்களத் திட்டணும்னா கூடவா தெலுங்கு?" என்றார் அம்மா.

"கத்துக்கினு திட்டு."

எனக்குத் தெலுங்கு வந்தது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடித்தான். அது அவருக்கு நினைவு வரவில்லை.

நைனாவின் தெலுங்கு ஆட்டோ ஸ்டாண்டில் கற்றது. ஏறுங்கள், நகருங்கள், இறங்குங்கள். அதில் பேரம் பேசலாம், சண்டை போடலாம். ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது சொல்லும் பொய்களுக்கு அதில் சொல் இல்லை. முன்பெல்லாம் முரளியின் பல்லிடுக்கில் ஒரு பூனை ஒளிந்திருப்பதாகச் சொல்லித்தான் பல் தேய்த்துவிடுவார். இப்போது "ரா, தினு, கூச்சோ" என்பதோடு சரி. வா, தின்னு, உட்கார். காலை நேரம் அதற்குள் முடிந்துவிடும்.

சில வாரங்கள் கழித்து டீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார். "சறுக்கு மரத்துக்கிட்ட நின்னுக்கினு எல்லாரையும் ஜரகண்டி, ஜரகண்டின்னு தள்றான் அண்ணா. திருமலை க்யூ தோத்துச்சு!" நைனாவும் சிரித்தார். தெலுங்கு வந்துவிட்டது என்று நம்பினார். வந்தது 'நகருங்கள்' என்ற அந்த ஒரு சொல்தான். வீட்டிலோ முரளி தண்ணீர் வேண்டுமென்றாலும் சொம்பைக் கை காட்டத் தொடங்கியிருந்தான்.

ஒருநாள் சாப்பிட மறுத்துக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டர் தெலுங்கில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்: "எங்க வலிக்குது கண்ணா?"

முரளி அவரைப் பார்க்கவில்லை; நைனாவைப் பார்த்தான். "நைனா, தமிழ்ல சொல்லட்டா?"

நைனா தலையை மட்டும் அசைத்தார்.

"ரொம்ப நாளா வலிக்குது. உள்ள வண்டு கத்துது."

காதில் சீழ் வைத்திருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கேட்கும் திறன் பாதித்திருக்கும் என்றார் டாக்டர்.

வெளியே வந்தும் நைனா வண்டியை எடுக்கவில்லை. "இனிமே எதுல வருதோ அதுல பேசுடா. நான் கேக்கறேன்" என்றார்.

"வண்டு செத்துப்பூடுமா?"

"மருந்து ஊத்தினா ஓடிப்பூடும்."

"எங்க?"

"பாகாலாவுக்கு."

"ரயில்லயா?"

"டிக்கெட் எடுக்காத போவும்."

மறுநாளிலிருந்து நர்சரிக்குப் போகும் வழியெல்லாம் பேச்சுதான். ஒன்றைக் கேட்டுவிட்டு, முரளி யோசித்துப் பதில் சொல்லும்வரை காத்திருப்பார். "பேச்ச கொறச்சுக்கினு வண்டிய ஓட்டுப்பா" என்ற பயணியிடம், "இவன் பதில் சொல்றதுக்குள்ள எறக்கி விட்டுடறேன் சாமி" என்றார். அந்த வருடம் முடியுமுன், ரயிலேறிய வண்டின் கதையை முரளி பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னதாக டீச்சர் சொன்னார். எல்கேஜியில் சேர்த்துக்கொண்டார்கள்.

நைனா தன் தவறை மறைத்தவர் அல்லர். ஸ்டாண்டில் சிறு பிள்ளைகள் உள்ள எவரைப் பார்த்தாலும் சொல்வார்: "தெலுங்க நர்சரி பாத்துக்கும். வீட்ல புள்ள வாய நான் மூடனா மாதிரி நீ மூடிடாத."

கடைசி மாதங்களில் நுரையீரல் நோய் அவரை வாட்டியது. முறை வைத்து மருத்துவமனையில் துணையிருந்த ஸ்டாண்டு நண்பர்களுக்கும், அந்த நாட்களில் எங்களுக்குச் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், முட்டிவலியோடு மாடியேறி வந்த டீச்சருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொரு நன்றியும் உண்டு. நைனாவை எடுத்த அன்று, சித்தூரிலிருந்து வந்திருந்த முரளியின் மூன்று வயது மகள் சத்தமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தாத்தாவுக்கு ஏன் மாலை, ஏன் எழுந்திருக்கவில்லை, பூ குத்தாதா? ஒருவர் உதட்டில் விரல் வைத்தார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "கேக்கட்டும் வுடுங்க" என்றார். முரளி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். அவள் கேட்டு முடிக்கும்வரை பாடையைத் தூக்காமல் நின்றீர்கள். அதற்கு நன்றி.