அண்ணனின் எட்டாம் அட்டவணை

எங்கள் அண்ணன் மூணாறுக்கு மேலுள்ள ஓர் எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில், ஐப்பசி மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை பிறந்தார். நாள் கிழமை குறித்துவைப்பது என் வழக்கம். இது அம்மா சொன்னது. அப்பா தவறியதும் அண்ணன் கல்லூரியை விட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடைபோடும் வேலைக்குப் போனார். எங்களைப் படிக்கவைத்தார். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

ஞாயிறுகளில் மறையூருக்கு அப்பால் ஒரு மலைக்குடியில் இருப்பார். அங்கே பேசும் மொழிக்கு எழுத்தில்லை. நாக்கை உள்ளிழுத்துச் சொல்லும் இரண்டு உயிரொலிகள் அதில் உண்டு. அவற்றுக்கு நம் எழுத்தில் இடமில்லாததால், மேலே இரு புள்ளி வைத்து எழுதினார். இப்படி அட்டவணை அட்டவணையாக ஓர் இலக்கணம் வளர்ந்தது. சொல்லிக்கொடுத்தவர் அக்குடியைச் சேர்ந்த இராசப்பன். எட்டாம் அட்டவணையில் ஒரு கட்டம் மட்டும் நிரம்பாமல் நின்றுபோனது: ‘நான் திரும்பி வரமாட்டேன்.’

‘தின்னமாட்டேன்’, ‘தூங்கமாட்டேன்’ எல்லாம் சொன்ன இராசப்பன் இதை மட்டும் மறுத்தார். காட்டின் காதில் விழும்படி அவர்கள் அதைச் சொல்வதில்லை. ஊகித்து எழுதிவிடலாமே என்றேன். காதால் கேட்காததை எழுதமாட்டேன், கட்டம் நிரம்பாமல் அச்சுக்கும் கொடுக்கமாட்டேன் என்றார் அண்ணன்.

“காட்டுக்கு இலக்கணம் தெரியுமாக்கும்?” என்று இராசப்பனைச் சீண்டினார்.

“உங்களுக்கே இப்பத்தான சார் தெரியுது. அது எங்களுக்கு முந்தியே இங்க இருக்கு.”

ஆடி இரண்டாம் ஞாயிறு அண்ணன் அந்த வாக்கியத்தைத் தாமே சொன்னார். சரியென்றால் தலையை மட்டும் அசைக்கச் சொன்னார். மூன்றாம் முறை இராசப்பன் தலையசைத்தார். அண்ணன் கட்டத்தை நிரப்பினார். நான் உடனிருந்தேன். திரும்பும்போது ஓடை ஏறியிருந்தது. இடுப்பளவு நீரில் இறங்கித்தான் வந்தோம். அண்ணன் காலில் ஒரு வெட்டுக்காயம் இருந்தது.

அடுத்த ஞாயிறு காய்ச்சல். புதனன்று கண் மஞ்சளித்தது, மருத்துவமனையில் எலிக்காய்ச்சல் என்றார்கள். வெள்ளியன்று நினைவு தப்பி மலைமொழியில் பேசத் தொடங்கினார். “தம்பி, என்ன சொல்றாக?” என்று அண்ணி கேட்டார். நோட்டை எடுத்து விரல் வைத்துப் பார்த்தேன். முதல் அட்டவணையிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாவது முடிந்ததும் கையைப் பிடித்து, “போதும்ணே, கொஞ்சம் தூங்குங்க” என்றேன். நிறுத்தவில்லை. அந்த இரண்டு ஒலிகளும் சுத்தமாக வந்தன. சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் காலமானார்.

காரியத்தன்று இராசப்பன் வாசலோடு நின்றுவிட்டார். “தலைய ஆட்டாம இருந்திருக்கலாம்” என்றார். ஓடைத்தண்ணீரும் காயமுமே காரணம் என்று மருத்துவர் சொன்னதை எடுத்துச் சொன்னேன்.

“ஓடைய ஏறவிட்டது யாரு?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இடிந்த சாலையில் அண்ணனைச் சுமந்து கடந்தவர்களுக்கும், இரத்தம் தந்த தொழிற்சாலைத் தோழர்களுக்கும், இருபத்திரண்டு ஆண்டு ஞாயிறுகளைத் தந்த இராசப்பனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனின் இலக்கணம் இந்த நினைவு மலருடன் உங்கள் கைக்கு வருகிறது. எழுதியதை அழிக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் எட்டாம் அட்டவணையில் அவர் நிரப்பிய அந்தக் கட்டத்தை வெறுமையாக அச்சிட்டிருக்கிறோம். அச்சுப்பிழை என்று எண்ணி யாரும் அதை நிரப்ப வேண்டாம். மற்ற வரிகளைக் கொண்டு ஊகிப்பது எளிது. பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.