இடக்கைத் துவக்கு

புஷ்பமலரின் செத்தவீட்டில் பேசிய எல்லோரும் அவளைப் பொறுமைசாலி என்றார்கள். அதிர்ந்து கதைக்காதவள் என்றார் ஒருவர். கடைசியாக எழும்பிய அவளுடைய அண்ணன் இரத்தினவேல், "என்ர தங்கச்சிக்குக் கோவமே வராது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

முழுப் பொய். புஷ்பமலர் பெரிய கோபக்காரி. அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் வைக்கத்தான் அவளுக்கு இடம் இருக்கவில்லை. கிடைத்த ஒரே இடம், ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு விளையாட்டு மண்டபத்துக்குக் கீழே இருந்த துப்பாக்கிச் சுடுகழகம்.

முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் அவளுக்கு வேலை. கணவன் இறந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு சட்டம் போட்டார்கள். இந்த நிறம் உடுக்காதை, அந்தக் கலியாணத்துக்கு முன்வரிசையில் இராதை, இனிக் கோயிலோடு இரு. அவள் எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். மறுநாள் வேலையில் தட்டுகளை அடுக்கும்போது சமையலறையே அதிர்ந்தது. கூட வேலை செய்த நோர்வேஜியப் பெண் குரோ அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்துவிட்டு, "என்னோடு சுட வா, தட்டுகள் பிழைத்துப் போகட்டும்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

காதுமூடியைப் போட்டுக்கொண்டு பாயில் குப்புறப் படுத்துவிட்டால் யாரும் ஆறுதல் சொல்ல முடியாது. முன்னால் ஒரு கறுப்பு வட்டம். அவ்வளவுதான். புஷ்பமலருக்கு அது பிடித்துப் போயிற்று. ஆனால் குண்டுகள் தாள் முழுவதும் சிதறின. அவளுடைய கூரான கண் இடது கண் என்பதைக் கண்டுபிடித்ததும் குரோதான். கழகத்தில் மூத்தவரான எய்வின், தன் மகள் முன்பு பாவித்த பழைய ரைஃபிளைக் கொண்டுவந்து கொடுத்தார். இடக்கைக்காரருக்கென்று செய்தது, தோட்டா ஏற்றும் கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. நீலச் சாயம் உரிந்து, தோளில் வைக்கும் கட்டை முழுக்கக் கீறல். இடத் தோளில் அதை வைத்த அன்றுதான் அவளுடைய குண்டுகள் ஒன்றையொன்று தேடிப் போயின.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அதை இரவல் வாங்கிச் சுட்டாள். வசந்தத்தில் எய்வின், மகள் அதை விற்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சனிக்கிழமை அவள் எடுக்காவிட்டால், அன்று பின்னேரமே வேறொரு கழகத்துக்காரர் வந்து எடுப்பார்.

புஷ்பமலர் ஸ்ட்ரோம்மன் பக்கம் கடைகளிலும் போய்ப் பார்த்திருந்தாள். அவளிடம் இருந்த காசுக்குப் புதிதாகக் கிடைத்தவை மெல்லிய குழலும், மேலே ஒரு தொலைநோக்கியும், கண்ணைப் பறிக்கும் கட்டையும் கொண்டவை. புதிய இடக்கை ரைஃபிளின் எட்டாத விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள். குரோ சொன்னது ஒன்றுதான்: குழலுக்கும் விசைக்கும் காசைக் கொடு, மினுக்கத்துக்குக் கொடுக்காதே. எய்வினின் ரைஃபிளில் குழல் கனமானது, வாய் விளிம்பு சேதமில்லாதது. விசை, கண்ணாடித்தாள் கிழிவதுபோல் துல்லியமாக விடும். அவளால் வாங்கக்கூடிய நல்ல ரைஃபிள் ஒஸ்லோவில் அது ஒன்றுதான். பொலிஸ் அனுமதியும் வந்துவிட்டது.

அப்போதுதான் அண்ணனுக்குச் செய்தி எட்டியது.

இரத்தினவேல் முதலில் தடுத்துப் பார்த்தார். "பொம்பிளை துவக்கு வாங்கினா சனம் என்ன கதைக்கும்?" தடுக்க முடியாது என்று தெரிந்ததும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். "சரி, நானும் வாறன். உனக்கு விலை கதைக்கத் தெரியாது. நான் ஊரிலை எத்தினை துவக்குப் பாத்தனான்."

"அதைக் கண்டு ஓடினதைச் சொல்லுறியளோ, அண்ணை?"

அவர் அதைக் கேளாதவர்போல் கார்த் திறப்பை எடுத்தார்.

சனிக்கிழமை கழகத்து மேசையில் இரண்டு ரைஃபிள்கள் இருந்தன. ஒன்று அந்த நீலக் கட்டை. மற்றது, கழகம் விற்க வைத்திருந்த பளபளப்பான வலக்கை ரைஃபிள். இரத்தினவேல் நீலத்தைத் தூக்கி இரண்டு தரம் திருப்பினார்.

"இஞ்சை பார் பிள்ளை, கைப்பிடியை மாறிப் போட்டிருக்கிறாங்கள். பழுதுச் சாமான்." பிறகு எய்வினைப் பார்த்து நோர்வேஜிய மொழியில், "பிழையான பக்கம். பாதி விலை" என்றார்.

"அது புஷ்பமலரின் பக்கம்" என்றார் எய்வின்.

"என்னவாம்? விலைப்படாத சாமானை உன்ர தலையிலை கட்டப் பாக்கிறான். மற்றதை எடு. நான் கதைச்சுக் குறைக்கிறன்" என்றார் இரத்தினவேல்.

புஷ்பமலர் பளபளப்பான ரைஃபிளை எடுத்துக்கொண்டு பாயில் படுத்தாள். அண்ணனுக்கு முன்னால் இடக்கை தானாகவே ஒளிந்துகொண்டது. வலத் தோளில் வைத்து ஐந்து குண்டு சுட்டாள். தாளில் அவை ஊர் மாடுகள்போல் ஆளுக்கொரு பக்கம் நின்றன.

"முதல்லை அப்பிடித்தான்" என்றார் இரத்தினவேல். "பழகப் பழக வரும்."

அந்தச் சொற்கள். ஏடு தொடக்கிய வருஷம் அவள் இடக்கையால் எழுதப் போனாள். இடக்கையால் சோற்றைத் தொட்டாள். மூத்தவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று அம்மா விட்டுவிட்டார். பார்த்துக்கொண்ட அண்ணன் கோடு போடும் அடிமட்டத்தோடு பக்கத்தில் இருப்பான். கை மாறினால் விரல் மொழியில் ஒரு அடி விழும். பிறகு அன்பாகவே சொல்வான்: பழகப் பழக வரும்.

புஷ்பமலர் எழும்பினாள். "அண்ணை, அடிமட்டம் ஞாபகம் இருக்கோ?"

"என்ன அடிமட்டம்?"

அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. அடித்ததைக்கூட மன்னித்திருப்பாள்.

நீல ரைஃபிளை எடுத்தாள். இடத் தோள், இடக் கண், இட விரல். ஐந்து குண்டு. எய்வின் தாளைக் கொண்டுவந்தபோது அதில் ஒரு குரோனர்க் காசால் மூடக்கூடிய ஒரே ஓட்டை இருந்தது. அதை அண்ணனின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"துவக்குப் பழுதில்லை. நீங்கள் அடிச்சு அடிச்சு மாத்தின கை இதுதான். விலையும் கதைக்க வேண்டாம். அவர் சொன்னது நியாயமான விலை."

காசு வைத்திருந்த கடித உறையை இடக்கையால் எய்வினிடம் நீட்டினாள்.

"பிள்ளை, வலக்கையாலை குடு" என்று இரத்தினவேல் பல்லுக்குள் சொன்னார்.

அவள் கையை மாற்றவில்லை. எய்வின் ஒன்றையும் கவனிக்காமல் வாங்கிக்கொண்டு, நல்லாச் சுடு என்றார்.

திரும்பும்போது காரில் அண்ணன் சொன்னார். "இதை ஒருத்தருக்கும் சொல்லாதை."

"எதை, துவக்கையோ?"

"துவக்கில்லை. கையை."

அவள் அடுத்த கிழமை அவர் வீட்டுக்குப் போய், சபை நிறைய ஆட்கள் இருக்க, அவருக்குத் தேத்தண்ணியை இடக்கையால் நீட்டினாள். அவர் வாங்கும்வரை நீட்டியபடியே நின்றாள்.

செத்தவீட்டில் பெட்டிக்குள் அவளுடைய வலக்கையை மேலேயும் இடக்கையைக் கீழேயும் மடித்து வைத்திருந்தார்கள். குரோவும் வந்து பின்வரிசையில் இருந்தாள். அவளைப் பேசும்படி ஒருவரும் கேட்கவில்லை. பூப்போடும் முறை வந்ததும் அவள் பெட்டியருகே குனிந்து, கீழே கிடந்த இடக்கையை மெல்ல எடுத்து மேலே வைத்துவிட்டுப் போனாள்.

இரத்தினவேல் பின்னால் வந்தார். "வெள்ளைக்காரிக்கு எங்கடை முறை தெரியாது" என்று முணுமுணுத்துக்கொண்டு, அதைத் திரும்பவும் கீழே வைத்தார்.