குடும்ப குரூப்புக்குப் போன அத்தியாயம்

நாவல் எழுதுகிற பேராசிரியை என்றால், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தென்றலோடு உட்கார்ந்து எழுதுவேன் என்று என் மாணவிகள் நினைக்கிறார்கள். நினைக்கட்டும். என் கவிதைகள் பாதிக்கு மேல் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவை. நாவல்கள் விடைத்தாள் திருத்தும் முகாம்களில், மத்தியானச் சோற்றுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவே வளர்ந்தவை. துறைத்தலைவர் ஆன பிறகு அதுவும் போயிற்று, எந்நேரமும் மீட்டிங். போதாக்குறைக்கு மணிக்கட்டு வலி வேறு. அதனால் பேசியே எழுதப் பழகிக்கொண்டேன். துறை அறை காலியாக இருக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு, பாத்திரம் எப்படிப் பேசுமோ அப்படியே போனில் பேசி, வாட்ஸப்பில் என் நம்பருக்கே அனுப்பிக்கொள்வேன். சனிக்கிழமை அதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வேன். அழ வேண்டிய இடத்தில் நிஜமாகவே அழுதுகொண்டுதான் பேசுவேன்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவல், எங்கள் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஒருத்தியைப் பற்றியது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, புருஷனை விட்டு வந்துவிடுகிறேன் என்று அண்ணனிடம் கேட்கிறாள். அண்ணன் கதவைச் சாத்திவிடுகிறான். அவன் சொல்லும் பதிலை நான் முதலிலேயே பேசி வைத்துவிட்டேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அது என் சொந்த அண்ணனின் பதில். ஆவூரில் எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தாலும் சர்ச்சின் பங்குச் சாமியார் அவரைத்தான் கூட அழைத்துப் போவார். "கோயில்ல வச்சுப் போட்ட முடிச்சும்மா. நம்ம அவுக்க முடியாது. பொறுத்துப் போ" என்று சொல்லி எத்தனையோ பெண்களைத் திருப்பி அனுப்பியவர். எனக்கே ஒன்று வந்தாலும் அதைத்தான் சொல்வார் என்று நம்பியிருந்தேன். என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்தான். ஆனாலும், நாளைக்கு ஏதாவது ஆனால் போய் நிற்க ஓர் இடமில்லை என்ற நினைப்பு எனக்குள் எப்போதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள், தங்கச்சி அண்ணனிடம் பேசும் இடம் நன்றாக வந்தது. "என்னால முடியலண்ணே. இத்தன வருசமா அந்த மனுசனுக்கு வடிச்சுக் கொட்டியாச்சு. ஒரு நா ஒரு பொழுது, நீ சாப்டியான்னு கேட்டதில்ல. என்னய வந்து கூட்டிட்டுப் போயிருங்க" என்று தேம்பித் தேம்பிப் பேசினேன். மணி அடித்துவிட்டது. அவசரத்தில் அனுப்பிவிட்டு, போனைச் சைலண்டில் போட்டு வகுப்புக்கு ஓடினேன். வகுப்பு முடிந்ததும் மீட்டிங்.

வெளியே வந்து பார்த்தால் போன் முழுக்கத் தவறிய அழைப்புகள். காலையில் என் பிறந்த வீட்டு குரூப்பில் வந்த கோயில் திருவிழாப் படத்துக்குக் கைகூப்பிப் படம் போட்டிருந்தேனா, என் நம்பருக்கு மேலே அந்த குரூப் வந்து உட்கார்ந்திருக்கிறது. என் அத்தியாயம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஐயோ ஆண்டவரே! உடனே அதை எல்லோருக்குமாக அழித்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது மடத்தனம். அடுத்த நிமிஷமே அண்ணன் மனைவி கூப்பிட்டார்.

"யாரு அதை அழிச்சது? போனைப் புடுங்கிட்டாரா ஒன் வீட்டுக்காரரு?"

"மதினி, அது நாவல் மதினி. சும்மா பேசிப் பதிஞ்சது."

"பக்கத்துல நிக்கிறாரா? சரி சரி, நீ ஒண்ணும் பேசாத. ஒங்கண்ணன் அப்பவே கெளம்பிட்டாரு. வச்ச சோத்தை அப்படியே வச்சுட்டுப் போறாரு. எல்லாம் வந்து பேசிக்கிருவாரு."

வந்து என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாதா? ஆட்டோ பிடித்து வீட்டுக்கு விரைந்தேன். நடந்ததோ ஒன்றுமே இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு அவர் வந்து "பொறுத்துப் போ" என்று சொல்லிவிட்டால், அது சொன்னதுதானே? இத்தனை வருஷம் என் மனசுக்குள் மட்டும் இருந்ததை இனி அவர் வாயாலேயே கேட்க வேண்டுமே என்றுதான் பயந்தேன்.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வாசலில் அவருடைய குட்டியானை நின்றது. கத்தரியும் வெண்டையும் மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போகிற லோடு வண்டி. உள்ளே அண்ணன் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எதிரே என் வீட்டுக்காரர், போட்டுக் கொடுத்த காபி ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு பாவமாக நின்றார். அண்ணன் என்ன சொல்லி வைத்திருந்தாரோ, என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"நீ சாப்டியா?"

கல்யாணமாகி முதல் தடவையாகக் கேட்கிறார்! சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்குக் கோபம்.

"என்ன தாயி சிரிக்கிற? நான் பதறியடிச்சு வந்திருக்கேன்."

வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று போனை எடுத்துப் பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். சாராயம் குடித்தவனாக நான் உளறுவது, கிழவியாக இருமுவது, சாமியாராகப் பிரசங்கம் வைப்பது. அண்ணன் வாயைப் பிளந்தார். "அடிப்பாவி! காலேஜ்ல இதுக்குத்தான் சம்பளம் குடுக்குறாங்களா?" என்றார். என் வீட்டுக்காரர் அப்பாடா என்று நாற்காலியில் சரிந்தார். நிறுத்தியிருக்கலாம். அதற்குள் அடுத்த பதிவு தானாக ஓடத் தொடங்கிவிட்டது. "கோயில்ல வச்சுப் போட்ட முடிச்சும்மா. நம்ம அவுக்க முடியாது. பொறுத்துப் போ."

அண்ணன் முகம் மாறிவிட்டது.

"இது நான்தானே?"

நான் அவசரமாகப் பதிவை நிறுத்தினேன்.

"தங்கச்சி வந்து கேட்டா இதைச் சொல்லித்தான் அனுப்புவேன்னு எழுதியிருக்கியா?"

"ஊருல எல்லாருக்கும் அதைத்தானேண்ணே சொன்னீங்க."

"சொன்னேன்தான்" என்றார். "ஒன் அழுகையைக் கேட்டுட்டு வண்டி ஓட்டிட்டு வரும்போது, அந்தப் புள்ளைகளைத்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன். ஒவ்வொண்ணும் என்கிட்ட இப்படித்தானே அழுதுருக்கும்."

பிறகு எழுந்து, "இங்கிட்டு வா" என்று வாசலுக்குக் கூட்டிப்போனார். வண்டியின் பின்கதவை இறக்கினார். காய்கறித் தழை ஒன்றுகூட இல்லாமல் கழுவி விட்டிருந்தது. மேலே கட்டத் தார்ப்பாய், சுருட்டி வைத்த கயிறு, மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய காலி அட்டைப் பெட்டிகள்.

"எதுக்குண்ணே இவ்வளவு பெட்டி?"

"புஸ்தகத்தையெல்லாம் இங்கிட்டுப் போட்டுட்டு நீ வந்துருவியா?" என்றார், வண்டியைப் பார்த்துக்கொண்டே. "காரு கேட்டா மேல வீட்டுல குடுத்துருப்பாக. அதுல ஒன் புஸ்தகம் கொள்ளாதுன்னுதான் இதை எடுத்தாந்தேன். இந்தப் பெட்டி பத்துமா ஒனக்கு?"

"பத்தாதுண்ணே" என்றேன். தெரு என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.