ஜரீனா ஏற்றிய மூன்றாவது பந்து

இறால் ஆய்ந்துகொண்டிருந்தேன். பள்ளிவாசல் மைக்கில் ஜரீனா மவுத்தாகிவிட்டாள் என்றார்கள். "இன்னும் மன்னிப்பு கேக்கலியேடி!" என்றுதான் வாயில் வந்தது.

அவளோடு படித்தவர்களும் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களும் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வீர்கள். நான் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் கல்யாணத்தில் எங்கள் தெரு ஜரீனா மடவை மீன் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி "நேத்து மீனு" என்றாள். அன்று காலையில் ஏரியில் பிடித்த மீன். அதோடு பேச்சு நின்றது. எங்கள் பக்கம் பேச்சு நின்றவர்கள் ஆட்டிடமோ கோழியிடமோ பேசுவார்கள். எதிராளி காதில் விழுந்துவிடும். யார் முதலில் முகம் பார்த்துப் பேசுகிறாரோ அவர் தோற்றார்.

அவள் புருஷன் மூச்சுத் திணறி இறந்த பிறகு, அந்த வயதில் சமுதாயக் கல்லூரியில் மூச்சு சிகிச்சை படிக்கச் சேர்ந்தாள். தேறினால் ஆஸ்பத்திரி வேலை. இல்லாவிட்டால் அண்ணி கையால் ஆயுசுக்கும் சோறு. அந்த அண்ணியை எனக்குத் தெரியும்.

பரீட்சைக்கு இளைப்பு உள்ள ஒருவரை அழைத்துப் போக வேண்டுமாம். எனக்கு இளைப்பு உண்டு. வாசலில் வந்து நின்று என் ஆட்டிடம் சொன்னாள்: "ஏ ஆடே, உங்க ஆயாவ நாளைக்கு எங்கூட வரச் சொல்லு."

"வர்றாங்கன்னு சொல்லு" என்றேன், ஆட்டிடம். அவள் தோற்பதைக் கண்ணால் பார்க்கலாமே.

மறுநாள் பரீட்சை அறையில் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் மெஷினை என் கையில் கொடுத்தாள். குழாயை வாயில் வைத்து உள்ளே இழுத்தால் பந்து ஏற வேண்டும். நான் அடுப்பு ஊதுகிற பழக்கத்தில் ஊதினேன். ஒன்றும் அசையவில்லை.

"ஏ மெஷினே, ஊதக் கூடாதுன்னு அவங்ககிட்ட சொல்லு" என்றாள்.

பரீட்சை வைக்க வந்த ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இளைப்பு மெஷினுக்கா? நோயாளி மூஞ்சியப் பாத்துப் பேசலன்னா மார்க்கு கிடையாது."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. மெஷினைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"யக்கா, மூச்ச மெரட்டாத, கூப்புடு. கரண்டியில கொழம்ப உறிஞ்சி உப்பு பாப்பியே, அந்த மாதிரி."

உறிஞ்சினேன். ஒரு பந்து ஏறியது, இரண்டாவதும் ஏறியது, மூன்றாவது தள்ளாடித் தள்ளாடி உச்சியில் முட்டியது.

"இப்போ எப்டி கீது, யக்கா?"

நோயாளி பதில் சொன்னால்தான் மார்க்காம்; வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் கதை அன்றே முடிந்திருக்கும். அந்த அண்ணி ஞாபகம் வந்தது.

"நேத்து மீனு மாதிரி கீது" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மார்க்கு மட்டும் போட்டார். நான் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லவில்லை, கூரையைப் பார்த்துத்தான் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் வழியாகத்தான் பேசினோம்.

வேலை கிடைத்ததும் அதே மாதிரி மெஷின் ஒன்றை வாங்கிவந்து ஆட்டின் முன்னால் வைத்தாள். "தெனமும் இழுக்கச் சொல்லு" என்று போய்விட்டாள்.

அது என்னிடம் இருக்கிறது. மீன் விஷயத்தை நான் மன்னிக்கவில்லை. அதுவும் என்னிடம் இருக்கிறது.

அவளை அடக்கம் செய்த மறுநாள் மெஷினை எடுத்து இழுத்தேன். மூன்றாவதும் ஏறியது. "அவகிட்ட சொல்லு" என்று ஆட்டைத் தேடினேன். அது மேயப் போயிருந்தது.

"ஜரீனா, ஏறிச்சிடி" என்றேன், நேராக.