பச்சையாகவே எரியும் விளக்கு

இன்று ஒரகடத்தில், தகட்டை அழுத்தி வளைக்கும் ஒரு பிரஸ் மெஷின் முன் நின்றேன். அதன் கன்ட்ரோலரில் ஓடும் மென்பொருள் எங்கள் குழு எழுதியது.

மெஷினை ஓட்டும் செல்வி அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "நீங்க அப்டேட் போட்டதுலேர்ந்து சூப்பரா ஓடுது மேடம். முன்னாடிலாம் சும்மா சும்மா செகப்பு எரிஞ்சி நின்னுக்கும். இப்ப பச்சையாவே கீது."

கை உள்ளே போனால் சிவப்பை எரியவிட்டு மெஷினை நிறுத்தத்தான் அதில் ஒரு சென்சார் இருக்கிறது.

ஒரு மர ஸ்கேலை உள்ளே நீட்டினேன். விளக்கு மாறவில்லை. ஸ்கேல் நொறுங்கியது.

லேப்டாப்பை இணைத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. மெஷினில் உள்ள கேமராவுக்கும் சென்சாருக்கும், அவை இயங்கத் தேவையான துடிப்பை ஒரே கடிகாரச் சுற்றுதான் தருகிறது. சென்சாரை இயக்கும் டிரைவர் நிரல், 'எனக்கும் அது வேண்டும்' என்று கெர்னலிடம், அதாவது எல்லாவற்றையும் நிர்வகிக்கும் மைய மென்பொருளிடம், சொல்லவே இல்லை. கேமரா ஓயாமல் ஓடியவரை அது வெளியே தெரியவில்லை. இப்போது, புது அப்டேட்டில், மின்சாரம் மிச்சம்பிடிக்க கேமரா அவ்வப்போது ஓய்வெடுக்கிறது. இனி யாருக்கும் வேண்டாமென்று கெர்னல் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறது. சென்சார் உறைந்து, கடைசியாகச் சொன்ன 'கை இல்லை' என்பதிலேயே நிற்கிறது.

மெஷினை நிறுத்தச் சொன்னேன்.

"ஷிப்ட் முடியட்டுமே மேடம், டார்கெட் போய்டும்" என்றார் சூப்பர்வைசர்.

"நீ வந்து கைய வுடுறியா சார்?" என்று கேட்டு, செல்வி அக்காவே சுவிட்சை அணைத்தார்.

இதே அப்டேட் போயிருக்கும் இருங்காட்டுக்கோட்டை ஆலைக்குப் போன் செய்தேன். "இங்க ஒரு பிரச்னையும் இல்ல மேடம், எல்லா மெஷினும் பச்சை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். ஆட்டோவில் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன்.

பிரஸ் ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு குச்சியை நீட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். குச்சியை மட்டும்.